மறுநாள் காலை, துடைப்பத்தோடு

ஹார்லன் ஃபோர்க், நெப்ராஸ்கா
நவம்பர் 6, 1995

இந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். உறைக்குள் வெடி இல்லை, பொடி இல்லை. இருப்பதெல்லாம் வெறும் கடிதான். கடிதத்திலிருந்து கடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'தம்'. தம் அடித்தால் எங்கம்மா தோலை உரித்துவிடுவாள்.

சோதனை முடிந்ததா? இனி பிரிட்டாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அடியே பிரிட்டு,

நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாதாம். உங்கம்மாவின் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பாரே ஓப்பல், அவரைக் கடைவீதியில் மடக்கினேன். "எழுதிக் குடு, அனுப்பறேன். ஆனா பெரியவங்க பிரிச்சுப் பாத்த பிறகுதான் அவ கைக்குப் போகும். எசகுபிசகா ஏதாவது எழுதின, எனக்கு வேலை போயிடும்" என்றார். கிளினிக்கையே மூடியாகிவிட்டது, அவருக்கு ஏது வேலை என்று நான் கேட்கவில்லை. பார், எனக்கும் வாயை மூடத் தெரிகிறது.

பள்ளி பேண்ட் வாத்திய அறையில் என் பக்கத்து நாற்காலி காலி. நாற்காலி என்ற சொல்லிலேயே காலி இருக்கிறதே, அதற்காக ஒருவர் நிஜமாகவே காலி செய்துவிட்டுப் போக வேண்டுமா? இப்போது ட்ராம்போன் வரிசையில் நான் மட்டும்தான். நான் தப்பாக ஊதினால் ஊருக்கே தெரிகிறது. முன்பெல்லாம் உன்னைக் கை காட்டிவிடுவேன்.

சரி. சுற்றி வளைத்தது போதும்.

அக்டோபர் பதினேழாம் தேதி சாயங்காலம் என் அண்ணன் கர்ட் உங்கள் வீட்டுப் பின்வேலி ஓரம் நின்று, மான் வேட்டைத் துப்பாக்கியால் சமையலறை ஜன்னல் வழியாகச் சுட்டான். உங்கம்மா கருக்கலைப்பு செய்கிற டாக்டர் என்பதற்காகச் சுட்டான். குண்டு அவர் வலது தோளில் பட்டது. மறுநாள் எங்கள் கராஜில் வைத்து அவனைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் நீங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

இதை எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. செய்தித்தாளில் வருவது மாதிரியே இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கம்மா தோள் எப்படி இருக்கிறது?

கெண்டை
(நீதானே இந்தப் பெயரை வைத்தாய். நீ கூப்பிடாவிட்டால் வேறு யாரும் கூப்பிடுவதில்லை.)

◆

ஹார்லன் ஃபோர்க்
நவம்பர் 27, 1995

பிரித்துப் பார்ப்பவருக்கு மறுபடியும் வணக்கம். போன கடிதம் பிடித்திருந்தால் தோழியிடம் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள். யாராவது ஏதாவது சொல்லுங்கள்.

பிரிட்டு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பரவாயில்லை, நான் சுவரோடும் பேசுவேன் என்று உனக்குத் தெரியும்.

நன்றி சொல்லும் நாளுக்கு எங்கள் வீட்டில் வழக்கம்போல வான்கோழி. கர்ட் சிறையில் இருக்கிறான். அம்மா அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு டுவெய்ன் மாமா வாயைத் திறந்தார்.

"அரசாங்க வக்கீல் என்னமோ பயங்கரவாதம்னு எழுதியிருக்காளாமே! பயங்கரவாதின்னா ஓக்லஹோமால ஒரு கட்டடத்தையே சாய்ச்சானுங்களே, அவனுங்க. நம்ம பையன் ஒரு ஜன்னலைத்தானே உடைச்சான்?"

"ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு பொம்பள நின்னுக்கிட்டிருந்தாங்க, டுவெய்ன்" என்றார் அப்பா. அப்பா வருஷத்துக்கு நாலு வாக்கியம்தான் பேசுவார். அதில் ஒன்று செலவாகிவிட்டது.

"அந்தப் பொம்பள என்ன வேலை பாக்கறான்னு மறந்துட்டியா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் முப்பது சனிக்கிழமை அந்தக் கிளினிக் வாசல்ல நின்னு ஜபம் பண்ணியிருக்கேன். அங்க நடக்கறது பாவம்னு இன்னைக்கும் சொல்வேன். ஆனா யாரையும் சுடச் சொல்லி ஒரு நாளும் வேண்டிக்கல. அதுக்காக எம்புள்ளைய அந்த வார்த்தையால கூப்பிட்டா நான் பொறுக்க மாட்டேன். இந்த மேசையில யாரும் கூப்பிடக் கூடாது."

அதற்குப் பிறகு கிரேவியை நகர்த்தச் சொல்லிக் கேட்கக்கூட ஆளில்லை.

விஷயம் இதுதான். சுட்டதை அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். எத்தனை வருஷம் என்பதுதான் பாக்கி. மார்ச்சில் லிங்கனில் விசாரணை. வெறும் துப்பாக்கிக் குற்றம் என்றால் ஆறேழு வருஷத்தில் வந்துவிடுவான். பயங்கரவாதம் என்று நீதிபதி எடுத்துக்கொண்டால் மும்மடங்கு. எங்கள் வக்கீல் என்ன சொல்லப் போகிறார் தெரியுமா? "சின்னப் பையன், கண்ணாடிய உடைச்சுப் பயம் காட்ட நெனச்சான், கை தவறிடுச்சு. கொஞ்சம் எல்லை மீறிப் போன குறும்பு."

குறும்பாம்! பதினாறு வயசில் இந்த ஊரில் நான் சம்பாதித்த ஒரே பட்டம் அது.

எல்லோரும் நீதிபதிக்கு நற்சான்றுக் கடிதம் எழுத வேண்டுமாம். பாதிரியார் எழுதிவிட்டார், கால்பந்துப் பயிற்சியாளர் எழுதிவிட்டார். "நீதான் நல்லா எழுதுவியே, ஒரு பக்கம் எழுதேன்" என்கிறாள் அம்மா. காகிதத்தை எடுத்து வைத்தேன். இந்தக் கடிதம்தான் வந்தது.

கெண்டை

◆

டுலூத், மின்னசோட்டா
டிசம்பர் 8, 1995

கெண்ட்ரா,

உன் கடிதங்களைப் பிரிப்பது என் சித்தி. முதல் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர்ப் பெயரை மேலே எழுதியிருக்கிறேன். எழுதக் கூடாது. உனக்குத் தெரிந்தால் உன் வீட்டுக்கும் தெரியும் என்கிறாள் சித்தி. தெரிய விடாதே.

அம்மாவுக்குத் தோள் ஆறிவிட்டது. வலது கையில் கடைசி இரண்டு விரல்களுக்கு உணர்வு இல்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வாள். கத்தியைப் பிடித்து எந்தச் சிகிச்சையும் இனிமேல் செய்ய முடியாது.

உன்னிடம் இரண்டு கேள்வி. கடி இல்லாமல் பதில் சொல்.

உனக்கு முன்பே தெரியுமா?

அன்றைக்கு ஏன் சரியாக ஏழு மணிக்கு ஃபோன் செய்தாய்?

பிரிட்டா

◆

ஹார்லன் ஃபோர்க்
டிசம்பர் 15, 1995

பிரிட்டாவின் சித்தி அவர்களுக்கு: தயவுசெய்து இதை அவளிடம் கொடுத்துவிடுங்கள். படித்த பிறகு கொடுக்க வேண்டாம் என்று தோன்றும். அப்போதும் கொடுங்கள்.

பிரிட்டு,

முதல் கேள்விக்கு: தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரண்டாவது கேள்விக்குப் பதிலைப் படித்தால் முதல் பதிலை நீ நம்பாமல் போகலாம்.

ஹோம்கமிங் கால்பந்தாட்ட வாரத்தில் நம் பள்ளியில் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் யார் வீட்டு மரத்தில் டாய்லெட் பேப்பர் தொங்குகிறதோ அவர்களுக்கு ஊரில் நண்பர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். போன வருஷம் உன் தெருவில் ஏழு வீட்டுக்குப் போட்டார்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் போடவில்லை. "எங்க வீட்டுப் பக்கம் யாரு வருவா? வந்தா போலீஸ் விளக்கப் போடும்" என்று சிரித்தாய். சிரித்துவிட்டு மூக்கைச் சிந்தினாய். ஜலதோஷம் என்றாய்.

அதனால் இந்த வருஷம் நானே போடுவது என்று முடிவு செய்தேன். முப்பது பேப்பர் உருளை வாங்கிவைத்தேன். என் திட்ட நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். மனப்பாடமாக இருக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

'ரோந்து கார் வருவது 6:40, அடுத்து 7:30. மேற்கு வேலி மூலையில் நின்றால் ஆள் நடமாட்ட விளக்கு எரியாது. இருட்டியதும் சமையலறைத் திரையை இறக்குவது பி.யின் வேலை. ஏழு மணிக்கு ஃபோன் வந்தால் மறந்துவிடுவாள், பத்து நிமிஷம் உத்தரவாதம். திரை திறந்திருந்தால்தான் மரத்தைப் பார்க்கும்போது அவள் முகத்தை நாம் பார்க்கலாம். டாக்டர் அம்மா அந்த நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். அவரையும் சேர்த்துப் பார்க்கலாம்.'

கீழே வரைபடம். உங்கள் நாய்க்குட்டியைக்கூடப் போட்டிருந்தேன், வாலோடு.

இதைச் சாப்பாட்டு மேசையில் கர்ட்டுக்குப் படித்துக் காட்டினேன். பெருமைக்கு. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "தினமும் அந்தம்மாதான் பாத்திரம் கழுவுமா? பெரிய டாக்டரு, மெஷின் இல்லையா?" என்று கேட்டான். "அவங்களுக்குக் கையால கழுவறதுதான் புடிக்கும்" என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன வாய் இதே வாய்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "வியாழக்கிழமைக்கு ஒரு ஒத்திகை வேணாமா? நான் போய் வேலிப் பக்கம் நின்னு விளக்கு எரியுதான்னு பாத்துட்டு வரேன். நீ ஏழுக்கு ஃபோனப் போட்டு அவளப் பேச்சுல புடி" என்றான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆறு மாதமாக அவன் அந்த ஜபக் கூட்டத்திலிருந்து பிரிந்துபோன நாலு பேரோடுதான் சுற்றிக்கொண்டிருந்தான். பழைய கர்ட் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அதனால்தான் ஏழு மணிக்கு ஃபோனில் நாற்பது பீட்சாவோடு வந்தேன். "மேடம், ட்ராம்போன் வாசிக்கறவங்களுக்கு நாப்பது பீட்சா ஆர்டர் வந்திருக்கு, எல்லாத்துலயும் மத்தி மீன்" என்று மூக்கால் பேசினேன். நீ சிரித்தாய். கண்ணாடி உடைந்தது என் காதிலும் விழுந்தது, பிரிட்டு. "என்னடி, பாத்திரத்தப் போட்டுட்டியா?" என்று நான் கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் அவன் சொன்னான்: "ஒரு டாக்டர் பயந்தாப் போதும் கெண்ட்ரா, மத்தவங்க தானா வண்டியத் திருப்பிடுவாங்க." அவன் அப்போதெல்லாம் அப்படித்தான் பேசுவான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போலீஸ் எங்கள் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் தேடியது. நோட்டு பள்ளிக்கூடத்தில் இருந்தது, என் ட்ராம்போன் பெட்டியின் அடித் துணிக்குக் கீழே. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. என்னைத் தவிர, கர்ட்டைத் தவிர, இப்போது உன்னையும் உன் சித்தியையும் தவிர யாருக்கும் தெரியாது.

கெண்ட்ரா

◆

டுலூத்
ஜனவரி 9, 1996

கெண்ட்ரா,

சித்தி கொடுக்கத்தான் செய்தாள். மூன்று நாள் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள். அப்புறம் நான் இரண்டு வாரம் வைத்திருந்தேன்.

முதலில் உன்னைத் திட்டிப் பதினோரு பக்கம் எழுதினேன். ஏரியில் போடலாம் என்று கொண்டுபோனேன். ஏரி உறைந்திருந்தது. காகிதம் பனிமேல் அப்படியே கிடந்தது. திரும்பப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். உனக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

உனக்குத் தெரியாத ஒன்று. 'விளக்குப் போடுவதற்கு முன் திரை.' எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அது. அம்மா கிளினிக்குக்குக் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு போவாள். தினமும் வேறு வழியாக வண்டி ஓட்டுவாள். கிளம்பும் முன் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். எல்லாவற்றையும் அவளே செய்தாள். எனக்கென்று ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள். அன்றைக்கு அதை நான் செய்யவில்லை. போலீஸ் கேட்டபோது திரை சிக்கிக்கொண்டது என்று சொன்னேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அம்மா, "பழைய திரைதானே" என்றாள்.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு முழு உரிமை இல்லை. பாதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

நோட்டு மூன்று மாதமாக உன் பெட்டியில் இருக்கிறது. உங்கள் வக்கீல் அதைக் குறும்பு என்று சொல்லப்போகிறார். கை தவறிய குறும்பு. அம்மா அங்கே நிற்பாள் என்று அவனுக்கு முன்பே தெரியும் என்பதற்கான சாட்சியத்தின்மேல் நீ ட்ராம்போனை வைத்து மூடிவிட்டு, எனக்கு வான்கோழிக் கதை எழுதுகிறாய்.

அயோவாவிலிருந்து புதன்கிழமைதோறும் ஒரு டாக்டர் வருவாரே, தாடி வைத்தவர், உன்னிடம் ஒரு தடவை ஏமாந்து உப்புப் போட்ட காப்பியைக் குடித்தவர். அம்மாவுக்குப் பதிலாக அவர் வந்திருக்கலாம். வரவில்லை. "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு, மன்னிச்சுக்குங்க" என்றாராம். அவரை யாரும் சுடவில்லை. அவர் வீட்டு ஜன்னல் ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் அவர் வரவில்லை. இப்போது அந்தப் பக்கத்துப் பெண்கள் இருநூறு மைல் போகிறார்கள். அதற்கு என்ன பெயர்? உன் மாமாவிடம் கேட்டுச் சொல். கட்டடம் விழவில்லை, சரி. பூட்டியிருக்கிறதே?

பயங்கரவாதம் என்ற சொல்லைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். "என் தோளுக்கு எந்தச் சொல்லும் ஒண்ணுதான். அவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்றாள். அவர் என்றால் தாடி டாக்டர்.

குறும்பு உன்னுடைய சொல். போய் அதைத் திரும்ப வாங்கு. முடியாவிட்டால் இனி எழுதாதே.

பிரிட்டா

◆

ஹார்லன் ஃபோர்க்
ஜனவரி 28, 1996

சித்தி அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இன்னும் திரும்ப வாங்கவில்லை, அதனால் இது கணக்கில் சேராத கடிதம்.

நேற்று கர்ட்டைப் பார்க்கப் போனேன். நடுவில் கண்ணாடி. ஃபோனில்தான் பேச வேண்டும்.  அவன் இளைத்திருக்கிறான். "இங்க சாப்பாடு நம்ம பள்ளிக்கூட கேண்டீனவிட மேல்" என்றான். நான் சிரித்தேன். அவன் எப்போதும் என்னைச் சிரிக்கவைத்துவிடுவான். கிளம்பும் நேரத்தில் கேட்டான்.

"அந்த நோட்டு என்னாச்சு?"

"எந்த நோட்டு?" என்றேன்.

"நல்ல பொண்ணு" என்று கண்ணடித்தான்.

அவ்வளவுதான். 

அம்மாவுக்காக நற்சான்றுக் கடிதத்தையும் எழுத உட்கார்ந்தேன். பொய்யே இல்லாமல் ஒரு பக்கம் வந்தது. அவன்தான் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். பனியில் சறுக்கினால் பிரேக்கை மிதிக்காதே, சறுக்கும் பக்கமே திருப்பு என்பான். நான் பக்கத்து வீட்டு அஞ்சல் பெட்டியை இடித்தபோது தான் இடித்ததாகச் சொல்லித் திட்டு வாங்கினான். பிரிட்டு, இவனும் அவனும் ஒரே ஆள். அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. வேறு யாரோ என்றால் நான் ஓடிப்போய் நோட்டைக் கொடுத்திருப்பேன்.

கொடுத்தால் அம்மா என்னிடம் பேச மாட்டாள். ஊர் பேசாது. உனக்குத் தெரியும், எனக்குப் பேச ஆள் இல்லாவிட்டால் நான் காற்றுப் போன பலூன். கொடுக்காவிட்டால் நீ பேச மாட்டாய். யாரிடமாவது யோசனை கேட்கலாம் என்றால், நான் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீ. உன்னிடம் கேட்கக் கூடாது.

ஓப்பலிடம் கொடுத்து, அவரையே அரசாங்க வக்கீலிடம் சேர்க்கச் சொல்லட்டுமா? என் பெயர் வராமல்?

கெண்ட்ரா

◆

(அஞ்சலட்டை. உறைந்த ஏரியின் படம்.)
பிப்ரவரி 5

வேண்டாம். நேராகப் போ. நீயே போ.
பி.

◆

ஹார்லன் ஃபோர்க்
மார்ச் 23, 1996

பிரிட்டு,

போனேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கள்கிழமை பள்ளிக்குப் போகாமல் பேருந்து பிடித்து லிங்கனுக்குப் போய் நோட்டைக் கொடுத்தேன். அரசாங்க வக்கீல் ஒரு பெண். நோட்டைப் படித்துவிட்டு நாய்க்குட்டிப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதக் குடுத்தா என்னாகும்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அன்று சாயங்காலமே அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். அம்மா எழுந்து மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு வைக்கிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், பேசுவதில்லை.

நேற்று முன்தினம் விசாரணை, என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு இந்த ஊர்ல ஒரு பேர் இருக்காமே? தலைமையாசிரியர் கார்ல அறுபது கோழிக்குஞ்ச விட்டது நீதானே?"

"முப்பத்தொம்போது" என்றேன். யாரோ சிரித்தார்கள்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும். குறும்புங்கறது சில சமயம் நாம நெனச்சதுக்கு மேல போயிடும், இல்லையா?"

பதில் எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை, பிரிட்டு. வாயில் வந்ததைச் சொன்னேன். "போகும் சார். அதனாலதான் மறுநாள் காலையில தொடப்பத்தோட போய் நிக்கணும். பேப்பர் போட்டவன்தான் பேப்பரப் பெருக்கணும். நான் கோழிக்குஞ்சு அத்தனையும் புடிச்சுட்டு, சீட்டெல்லாம் கழுவிக் குடுத்தேன். எங்கண்ணன் அந்த வீட்டுக்குத் தொடப்பத்தோட போகல. அதப் பெருக்க முடியாதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும். பெருக்கக் கூடாதுங்கறதுதான் அவன் திட்டம். அந்த ஜன்னலப் பாத்து வேற டாக்டருங்க வண்டியத் திருப்பணும்."

அவன் செப்டம்பரில் சொன்னதைச் சொன்னேன். ஏழு மணி ஃபோனைச் சொன்னேன். கர்ட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. அதுதான் கொடுமை. பனியில் சறுக்கும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

நீதிபதி அந்தச் சொல்லைச் சொன்னார். "இந்தக் குண்டு பட்டது ஒருத்தர் மேல. ஆனா இது குறி வச்சது அந்தச் சமையலறையில இல்லாதவங்கள" என்றார். பத்தொன்பது வருஷம். கர்ட் வெளியே வரும்போது எனக்கு முப்பத்தைந்து வயசு.

வராந்தாவில் உங்கம்மாவைப் பார்த்தேன். உன்னிடம் சொன்னாரா என்று தெரியாது. ஓடிவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் ஓட இடமில்லை. அவர் என் முன்னால் வந்து நின்று கேட்டார்:

"அந்த நாப்பது பீட்சா நீதானா?"

தலையாட்டினேன்.

"அவ அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தா. ரொம்ப நாளைக்கப்புறம். அதக் கேட்டுக்கிட்டேதான் கழுவிக்கிட்டிருந்தேன்." இடது கையால் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

டுவெய்ன் மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பாதிரியார் என்னைக் கண்டால் மேகத்தை ஆராய்கிறார். பேண்டில் எனக்கு இரண்டு பக்கமும் இப்போது நாற்காலி காலி. போன தடவை மாதிரி அதைவைத்து ஒரு கடி சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

குறும்பு என்ற சொல்லைத் திரும்ப வாங்கச் சொன்னாயே, வாங்கிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கெண்ட்ரா

◆

டுலூத்
செப்டம்பர் 24, 1996

கெண்டை,

ஆறு மாதம். என்னை நீ திட்டலாம். உனக்கும் பாதி உரிமை இருக்கிறது.

உன் மார்ச் கடிதத்தைப் படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மாவிடம் ஒன்று சொல்லாமல் உனக்கு எழுத முடியாது என்று தோன்றியது. சொல்ல ஐந்து மாதம் ஆனது. போன மாதம் சொன்னேன், திரை சிக்கவில்லை என்று. அம்மா முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள், இடது கையால். இப்போது நன்றாகவே உடைக்கிறாள். "தெரியும். அந்தத் திரைய நான்தான முந்தின வாரம் மாத்தினேன்? புதுசு" என்றாள். பத்து மாதமாகத் தெரிந்தே இருந்திருக்கிறாள்.

கடைசியாக வந்த உன் கடிதத்தைச் சித்தி பிரிக்கவில்லை. 'கெண்ட்ராவோடத நீயே பிரிச்சுக்கோ' என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நீ அதில் அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கிளினிக் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. தாடி டாக்டர், தீர்ப்பைப் படித்ததாக அம்மாவுக்கு எழுதியிருந்தார். வருகிறேன் என்று எழுதவில்லை. வர மாட்டேன் என்றும் எழுதவில்லை.

இங்கே நான் ட்ராம்போனைத் தொடவில்லை. பள்ளியில் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அடையாளம் தெரியாமலிருக்க அப்பா பெயரில்தான் சேர்த்திருக்கிறார்கள். யாராவது ஜோக் சொன்னால் எல்லோருக்கும் பிறகு சிரிக்கிறேன்.

உங்களுக்கு அடுத்த வாரம் ஹோம்கமிங். இதோடு ஒரு பேப்பர் உருளை அனுப்பியிருக்கிறேன். அஞ்சலகத்தில் இது என்ன என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தத் தடவை நான்தான் முதலில் சிரித்தேன்.

ஐந்நூறு மைலுக்கு என்னால் வீச முடியாது. நீயே வீசு. என் பெயரில்.

பிரிட்டு

◆

ஹார்லன் ஃபோர்க்
அக்டோபர் 5, 1996

சித்தி அவர்களுக்கு, நிலுவையோடு சேர்த்து இரண்டு வணக்கம்.

பிரிட்டு,

வியாழக்கிழமை தெரு முழுக்க வெள்ளையாகிவிட்டது. எங்கள் வீட்டு மரம் மட்டும் பச்சை. எனக்கு அது தெரிந்ததுதான். சாயங்காலம் உன் உருளையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எதிர் வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தன் வீட்டு மரத்துக்குத் தானே பேப்பர் போடுகிறவளை அவர் பார்த்திருக்க மாட்டார்.

மேப்பிள் மரத்தில் வீசினேன். முதல் வீச்சு என் தலையிலேயே விழுந்தது. நாலாவது வீச்சு உச்சிக்கிளையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் தொங்கியது. ஒரு உருளைக்கு எவ்வளவு வரும்? நாலைந்து நாடா. காற்றில் ஆடிக்கொண்டு, கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது சமையலறை ஜன்னலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் கையசைக்கவில்லை. அவளும் நகரவில்லை. இருட்டிய பிறகும் எங்கள் வீட்டில் யாரும் திரையை இறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். போட்டவள்தானே பெருக்க வேண்டும். பனி இறங்கிப் பேப்பர் எல்லாம் நனைந்து கிளையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குதித்துக் குதித்துப் பார்த்தேன், எட்டவில்லை.

பின்னால் கதவுச் சத்தம் கேட்டது. அம்மா, சர்ச்சுக்குப் போடும் கோட்டை இரவு உடையின் மேல் மாட்டிக்கொண்டு, இலை வாரும் நீளக் கழியோடு வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். மரத்தைப் பார்த்தாள். பிப்ரவரியிலிருந்து அன்றைக்கு வரைக்கும், எட்டு மாதம் அவள் என்னோடு பேசியதில்லை, பிரிட்டு. கழியை என் கையில் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

"மேல இருக்கறத நீ எடு" என்றாள். "கீழ விழறத நான் பாத்துக்கறேன்."

கெண்டை